ஒன்பதாவது பாட்டு

ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் பேசிக்கொள்ளாமல் இருப்பது உலக அதிசயம் இல்லை. ஆனால் ஒரே காரை ஓட்டிக்கொண்டு பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். கீழ்வீட்டுப் பெரியவளுக்கும் மாடிவீட்டுச் சின்னவளுக்கும் அது ஏராளமாக இருந்தது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய பழைய கார் அது. வாங்கினார்களே தவிர இருவருக்கும் ஓட்டத் தெரியாது. ஆபீஸ் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஓட்டியது ஓரகத்திகள் இருவரும்தான். காலையில் பெரியவள், கடைவீதியில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு. கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை முறுக்கி, தளர்ந்த காதுகளை இறுக்கிவிட்டு, மதியம் சாய்கையில் திரும்புவாள். அதற்கப்புறம் சின்னவள், நீச்சல் குளத்துக்கு. தண்ணீரைக் கண்டாலே அலறும் பெண்களை அதில் மிதக்கவைப்பது அவள் தொழில்.

இதையெல்லாம் தெரு மெனக்கெட்டு விசாரிக்கவில்லை. எதிர்வீட்டம்மாள் தன் ஒற்றை ரோஜாச் செடிக்குத் தண்ணீர் பிடிக்கையில் தானாகக் கண்ணில் பட்டதுதான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, சரியாகக் கார் கிளம்பும் நேரத்தில் அந்தச் செடிக்குத் தாகம் எடுக்கும்.

பெரியவள் குள்ளம், சின்னவள் நெட்டை. அதனால் தினமும் காலையில் பெரியவளின் முதல் வேலை, பின்னால் போயிருக்கும் சீட்டை முன்னால் இழுப்பது. இரண்டாவது, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்புவது. சீட்டில் குளத்துத் தண்ணீரின் மருந்து வாசனை ஒட்டியிருக்கும். "கார் ஓட்டறாளா, தோணி ஓட்டறாளா" என்று முணுமுணுத்தபடி ஒரு துண்டை விரித்துக்கொள்வாள். மூன்றாவது வேலைதான் முக்கியம். ஸ்டீரியோவில் செருகியிருக்கும் சின்னவளின் சிவப்பு பென்டிரைவைப் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் எறிந்துவிட்டு, தன் கறுப்பு பென்டிரைவைச் செருகுவாள். மாலையில் சின்னவள் கறுப்பைப் பிடுங்கி எறிந்து சிவப்பைச் செருகுவாள். துளை ஒன்று, பென்டிரைவ் இரண்டு; ஒரே உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அதுதான்.

அந்த ஸ்டீரியோவுக்கு ஒரு சுபாவம் உண்டு. செருகியது செருகியபடி இருந்தால், நிறுத்திய இடத்திலிருந்து, பாதி வார்த்தையில் விட்டிருந்தாலும் மீதி வார்த்தையிலிருந்து பாடும். பிடுங்கிவிட்டால் அவ்வளவுதான், எல்லாம் மறந்து மறுபடி முதல் பாட்டுக்குப் போய்விடும். அடுத்த பாட்டுக்குத் தள்ளும் பட்டன் எப்போதோ உள்ளே அமுங்கி உயிரைவிட்டிருந்தது. பின்னுக்குப் போகும் பட்டன் மட்டும் வேலை செய்தது. அந்தக் குடும்பத்துக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல.

இதன் பலன் என்னவென்றால், கடைக்குப் போய்ச்சேர நாலு பாட்டு நேரம். குளத்துக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். கறுப்பில் முந்நூறு பாட்டு இருந்தும், சண்டை வந்த நாளிலிருந்து பெரியவள் போகையில் முதல் நாலு, வருகையில் அடுத்த நாலு, அதற்கு மேல் ஒரு அட்சரம் கேட்டதில்லை. மாடியிலும் அதே கதை. எட்டே பாட்டில் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயிருந்தன.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தெரு சிரித்துமுடித்துவிட்டது.

முன்பெல்லாம் இருவரும் ஒன்றாகத்தான் காய்கறி வாங்கப் போவார்கள். அப்போது ஓடுவது சிவப்புதான். அதன் கடைசிப்பக்கம் ஒரு ரயில் பாட்டு வரும். ரயில் தாளத்தில் போய்க்கொண்டே இருந்து, இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று, ஒரு புல்லாங்குழல் மட்டும் யாருமில்லாத ஸ்டேஷனில் காத்திருப்பதுபோல இழுக்கும். அது அடங்கியதும் சின்னவள் பாட ஆரம்பிப்பாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு கை வெளியே, நெட்டைக் கழுத்தை நிமிர்த்தி, ஊருக்கே பாடுவாள். குரல் அப்படி ஒன்றும் மோசமில்லை. பெரியவள் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவாள்.

ஒருநாள் மாமியாரின் தங்கை வீட்டார் வந்திருந்தார்கள். கார் நிறைய ஆள். ரயில் பாட்டு வந்தது, சின்னவள் பாடினாள். பெரியவளுக்கு நாக்கில் சனி. "ஹார்ன் அடிக்கவே வேண்டாம், இவ பாடினாலே போதும், லாரிகூட ஒதுங்கி வழிவிட்டுடும்" என்றாள். கார் குலுங்கச் சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். அதுதான் ஆகாமல் போய்விட்டது. அழுதிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதன்பிறகு சேதி எல்லாம் புருஷன்மார் வழியாகப் போய்வந்தது. "சீட்டு ஈரமா இருக்குன்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க." "வெயில்ல காஞ்சிடும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க." இரண்டு ஆண்களும் தபால்காரர்களாகி, அதுவும் சம்பளமில்லாத தபால்காரர்களாகி, இளைத்தே போனார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது, இது வழக்கமான தபால் இல்லை.

"அண்ணி, எனக்கு வேற ஊர்ல வேலை வருது. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல விஷயந்தானே. அவ என்ன சொல்றா?"

"போகலாம்ங்கறா. இங்க என்கிட்ட பேச யாரு இருக்காங்கறா."

பெரியவள் கையிலிருந்த துணியை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாக மடிக்க முடியாமல் நிறுத்தினாள். "சந்தோஷம்" என்றாள். எதிர்வீட்டில் குழாய் நின்றது. ரோஜாச் செடியும் காதைத் தீட்டிக்கொண்டது.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. பெரியவள் சீட்டை இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், சாவியைத் திருகினாள். கை வழக்கம்போலச் சிவப்பைப் பிடுங்கப் போய் நடுவழியில் நின்றது. அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. ஒரு வரியின் வாலிலிருந்து, யாரோ தூக்கத்தில் பேசிக்கொண்டிருந்ததன் மிச்சம்போல.

அது நேற்று மாலை சின்னவள் வீட்டு வாசலில் நிறுத்திய இடம். அவள் கேட்டுவிட்டு வைத்த பாதி. பெரியவள் மீதியைக் கேட்டபடி தெருவைத் தாண்டினாள். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன, யாரோ முன்னால் நடந்துபோய் ஊதி அணைப்பதுபோல. பனிக்குள் மரங்கள் இல்லை, மரங்களின் யோசனைதான் இருந்தது. சீட்டின் மருந்து வாசனை, ஈரக் கூந்தல் வாசனை, ஒரு பெண் குரல். இந்தக் காரில் நேற்று சாயங்காலம் இன்னும் முடியவில்லை என்று தோன்றியது. அது சின்னவளின் சாயங்காலம். அதற்குள் தான் காலையில் நுழைந்து உட்கார்ந்திருக்கிறோம்.

எட்டு முடிந்து ஒன்பதாவது பாட்டு வந்தது. எவ்வளவு நாளாயிற்று! விட்டுப்போன வீட்டின் பூட்டிய அறையைத் திறந்ததுபோல, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது.

மதியம் திரும்பி வந்து, சிவப்பைப் பிடுங்காமலே இறங்கினாள். மாலையில் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சின்னவள் ஏறினாள். பிடுங்கக் கையை நீட்டியவள் சிவப்பைப் பார்த்து, டேஷ்போர்டைத் திறந்து, உள்ளே கறுப்பு மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்தாள். டேஷ்போர்டை மெல்ல மூடினாள். பிறகு கிளம்பினாள்.

வியாழக்கிழமை காலை பாட்டு இன்னும் முன்னே போயிருந்தது. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி, ஒரே அடையாள நூலை வைத்துப் படிப்பதுபோல. வரிசை பெரியவளுக்கு மனப்பாடம். படகுப் பாட்டு, தாலாட்டு, குடிகாரன் பாட்டு, அப்புறம் இன்னும் நிறைய, எல்லாம் தாண்டித்தான் ரயில். மூக்குக்கண்ணாடியைத் துணியால் துடைத்தபடியே விரல்விட்டுப் பார்த்தாள். இப்படியே போனால் திங்கட்கிழமைதான் வரும். ஞாயிற்றுக்கிழமையோடு கதை முடிந்துவிடும்.

அன்று மதியம் அவள் நேர்வழியில் திரும்பவில்லை. ஏரிக்கரை வழியாகச் சுற்றினாள். தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக, நடுவில் கோடு போட மறந்துவிட்டதுபோல இருந்தன. ஒரு கொக்கு பாட்டுக்கு நடுவில் பறந்து, அதே பாட்டு முடிவதற்குள் மறைந்தது. ரோடு போகிறதா, கார் போகிறதா, பாட்டு போகிறதா என்று தெரியவில்லை. அங்கே பார்த்த ஒருத்தி, எதிர்வீட்டம்மாளிடம் அன்றைக்கே சொன்னாள்: "ஏரிக்கரையில தனியா சுத்தறா. முகத்துல ஒரு சிரிப்பு வேற. நமக்கெதுக்கு, இருந்தாலும் சொல்றேன்."

வீட்டில் புருஷன் கேட்டார்: "என்ன, பெட்ரோல் முள்ளு படுத்துக் கிடக்குதாம்? தம்பி சொல்றான்."

"ஓட்டினா குறையத்தான் செய்யும்."

"அவளும் அதையேதான் சொன்னாளாம்."

பெரியவள் நிமிர்ந்தாள். "யாரு?"

"அதான், நீ பேசாதவ."

வெள்ளிக்கிழமை காலை சாவியைத் திருகியதும் அவளுக்குப் புரிந்தது. பாட்டு, தான் கணக்குப் போட்ட இடத்தில் இல்லை. எங்கேயோ முன்னால் ஓடியிருந்தது. குளத்துக்கும் வீட்டுக்கும் அவ்வளவு பாட்டு கிடையாது. நெட்டைச்சியும் சுற்றியிருக்கிறாள்! எந்த வழியில் சுற்றினாள், ஏரிக்கரையா, ரயில்வே கேட்டா? ஒரே வழியில், வேறு வேறு வெளிச்சத்தில் சுற்றியிருந்தாலும் சுற்றியிருப்பார்கள்.

சனிக்கிழமை மதியம், தெருமுனை திரும்புகையில், ரயில் புறப்பட்டது.

பெரியவள் வேகத்தைக் குறைத்தாள். முதல் சரணம் முடிவதற்குள் வீடு வந்துவிட்டது. வீட்டைத் தாண்டிப்போய், அடுத்த திருப்பத்தில் வட்டமடித்து மறுபடி வந்தாள். எதிர்வீட்டம்மாள் குழாயோடு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லா வாத்தியமும் நின்றது. புல்லாங்குழல் வந்தது, இழுத்தது, மெலிந்தது. அது அடங்கிய அந்த நூலிழையில் பெரியவள் சாவியைத் திருகி வண்டியை அணைத்தாள். சொல்ல முடியாததை அங்கே வைத்துவிட்டு, பேச்சுக்கு வாய் திறந்து மூடியவள்போல இறங்கிப்போனாள்.

மாலையில் சின்னவள் ஏறினாள். கண்ணாடிகள் மூடியே இருந்தன. கார் நகரவில்லை. உள்ளே அவள் வாய் அசைகிறதா என்று திரைக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. திடீரென்று வைப்பர் ஒரு முறை அடித்தது, மழையே இல்லாத கண்ணாடியில். கை பட்டுவிட்டதுபோலிருக்கிறது. பிறகு கார் போய்விட்டது. அன்றிரவு அது திரும்பி வந்து நின்ற சத்தம் கேட்டது, பாட்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. காரைத் துடைக்கிற சாக்கில் பெரியவள் ஒரு துணியோடு இறங்கினாள். கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட்டை இழுக்கக் கையைக் கீழே விட்டாள். இழுக்கத் தேவையில்லை. சீட்டு அவள் அளவுக்கு முன்னாலேயே இருந்தது. நிமிர்ந்தால் கண்ணாடியில் அவள் முகமே இருந்தது. முதுகுக்கு ஒரு காய்ந்த துண்டுகூட விரித்திருந்தது.

சாவியைத் திருகினாள். புல்லாங்குழலின் கடைசி இழை அடங்கியது.

அதே இடம். முழுசாகக் கேட்டுவிட்டு, குளத்துக்குப் போய்வந்து, பின்னுக்குப் போகும் பட்டனை அழுத்தி அழுத்தி ரயிலைப் பிடித்து, புல்லாங்குழல்வரை மறுபடி ஓடவிட்டு, அங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவள் பாடவேண்டிய இடத்தில் இவளை உட்காரவைத்திருக்கிறாள். 'இப்ப நீங்க பாடுங்க' என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தபால்காரனும் கொண்டுவர முடியாது.

பெரியவள் நாலு கண்ணாடியையும் இறக்கினாள். பாடினாள்.

அவள் குரலைப் பற்றித் தெரு அதற்கு முன் ஒன்றும் அறியாது. அறிந்தபின் மறக்கவும் இல்லை. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், நடுவில் ரயில் தண்டவாளத்தைவிட்டு இறங்கி வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மதில்மேல் படுத்திருந்த பூனை எழுந்து போனது. எதிர்வீட்டம்மாள் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டு நின்றாள். பெரியவள் யாரையும் பார்க்கவில்லை. கண் நனைய, கழுத்து நரம்பு தெறிக்க, ஒரு வார்த்தை விடாமல் பாடினாள்.

சரணம் முடிந்த இடத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா."

பெரியவள் தலையைத் தூக்கவில்லை.

"ஹார்னே தேவலை, அக்கா."

"தெரியுதில்ல? அப்ப இறங்கி வாடி. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதையும் மாடிக்குக் கேக்கற மாதிரிக் கத்தணுமா?"

"கத்துங்க. எதிர்வீட்டு அம்மாவுக்குச் சரியாக் கேக்கலையாம்."

"எனக்குக் கேட்டுச்சும்மா" என்றாள் எதிர்வீட்டம்மாள், தன்னை மறந்து.

மாடியில் சின்னவளுக்குப் பின்னால் கொழுந்தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மணி ஆகுது. அவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லுங்க" என்றபடி அவள் படியிறங்கினாள். "இவங்கள இப்படித் தனியாப் பாட விட்டுட்டு எப்படிப் போறது? தெரு தாங்காது."

காரின் மறுபக்கக் கதவு திறந்து மூடியது. சின்னவள் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது ஒருத்தி அழுதுவிடுவாள் என்ற பயம் இருவருக்கும் இருந்தது. ரயில் கடைசிப் பல்லவியைத் தாண்டி, மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து, தொலைவில் கரைந்தது.

"இதுக்கப்புறம் என்ன பாட்டு?" என்று கேட்டாள் பெரியவள். வரிசை முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவள்.

"மறந்துடுச்சு அக்கா" என்றாள் அதைச் சேர்த்துவைத்தவள்.

கார் நகர்ந்தது. தெருமுனையில் ஒரு நெட்டைக் கை ஜன்னலுக்கு வெளியே வந்தது. காய்கறி வாங்கப் போகிறார்கள் என்று எதிர்வீட்டம்மாள் சொன்னாள். பை எடுத்துப் போகவில்லையே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.