மேபெலின் குளிர் உறக்கம்

விஷமில்லாத சோளப்பாம்புகளை வளர்க்கும் என் வீட்டுக்காரர் வெர்லினுக்கு எப்போதும் ஒரே பேச்சுதான். சோளப்பாம்பு நன்றாக முட்டையிட வேண்டுமானால் பனிக்காலத்தில் அதைக் குளிரில் உறங்கவிட வேண்டும். அதற்கு முன் சில வாரம் இரை போடக்கூடாது. வயிற்றில் இரையோடு குளிர் பட்டால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகி, பாம்பு செத்துவிடும். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே டாக்டர் பட்டம் தரலாம்.

அப்பேர்ப்பட்ட மேதை, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தன்று வான்கோழியை ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கண் கலங்கினார்.

"நாம மட்டும் வயிறு முட்டத் தின்னுட்டு, மேபெல் பட்டினி கிடக்கணுமா, ஆர்லிஸ்?"

உறைபெட்டியில் இருந்ததிலேயே பெரிய எலியை எடுத்து, வெந்நீரில் இளக்கிப் பெண் பாம்பு மேபெலுக்குக் கொடுத்தார். ஆண் பாம்பு ஓடிஸுக்கும் ஒன்று நீட்டினார். அவனுக்கு எசமானைவிட விவரம் அதிகம், முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் காலையில் இரண்டு பெட்டிகளும் நிலவறைக் குளிருக்குப் போயின.

"மேபெல் வயித்துல எலி உருண்டையாத் தெரியுதேங்க!"

"அறிவியலை என்கிட்ட விட்டுடு. நீ தண்ணி மட்டும் மாத்து, போதும்."

எனக்குப் பாம்பு பிடிக்காது. ஆனால் ஒருவரின் பாசத்தால் அது சாவதைப் பார்க்க மனசு வரவில்லை. அன்று மதியமே மேபெலை மட்டும் வேறொரு பெட்டிக்கு மாற்றி, என் தையல் அறைக்குக் கொண்டுபோய் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். அய்யா பனிக்காலம் முழுக்கச் சாய்வு நாற்காலியில் கிடந்து, நிலவறையில் மாட்டிய வெப்பமானி அனுப்பும் குளிர் அளவைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். படியிறங்க முட்டி வலியாம்.

பனி உருகியதும் மேபெலைச் சத்தமில்லாமல் பழைய பெட்டியில் விட்டேன். ஓடிஸோடு சேர்ந்தாள், பெட்டி நிறைய முட்டையிட்டாள். எங்கள் ஊர் டுலூத்தின் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் வெர்லினுக்கு மேடை போட்டார்கள்.

"குளிர்ல வைக்கிறதுக்கு முந்தின நாள் வயிறு நிறைய இரை போடுங்க. இது என் சொந்த முறை!"

பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தேன். முன்வரிசையில் இருந்த சங்க உறுப்பினர் ஹார்லன் தலையாட்டினார்.

"வர்ற பனிக்காலத்துல என்னோட ஏழு பாம்புக்கும் அப்படியே செஞ்சுடறேன்."

எழுந்துவிட்டேன்.

"செஞ்சா ஏழும் செத்துடும், ஹார்லன். மேபெல் ஒரு ராத்திரிகூடக் குளிர்ல தூங்கல. என் தையல் அறையில சொகுசா இருந்தா."

வெர்லினின் முகம் தொங்கிப்போனது.

"அப்போ பனிக்காலம் முழுக்க நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

"மேபெலோட காலிப் பெட்டியைங்க. அதுக்கு ஒரு குறையும் வராமத்தான் பாத்துக்கிட்டீங்க."