ஒட்டுக்குக் கீழே முளைத்தது

"செடிய பார்த்துக்கோ தாரணி. தினமும் தண்ணி ஊத்தாத, வேர் அழுகிடும்."

"செடிய மட்டும் பார்த்துக்கிட்டா போதுமா?"

"உனக்கென்ன, நீ சமாளிச்சுப்பே."

மைசூர் ரயில் நிலையத்தில் மதன் அப்படிச் சொன்னபோது, தாரணிக்குத் தொண்டை வரை ஒரு வார்த்தை வந்தது. அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அதே ஊரின் ஹெப்பாள் பகுதியில் இருக்கும் அவன் கம்பெனி, அவனை ஆறு மாதத்துக்குப் புனே கிளைக்கு அனுப்பியிருந்தது. குடும்பத்தோடு தங்க அங்கே இடம் தரவில்லை.

அவள் செடியைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் இருவரும் போய் வாங்கிவந்த ஒட்டு ரோஜா அது. கருஞ்சிவப்பில், உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும். கோடையில் அது சுணங்கியதும் பயந்துபோனாள். பிறகு அடியிலிருந்து ஒரு கிளை விறுவிறுவென்று ஏறியது. அதை போட்டோ எடுத்து மதனுக்கு அனுப்பினாள். 'செடி நல்லாருக்கு, நானும் நல்லாருக்கேன்' என்று கூடவே எழுதினாள்.

இன்று காலை மதன் விடுப்பில் வந்தான். புனேயில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதமா என்று மேனேஜர் கேட்டிருந்தார். மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வந்தவன் பையைக்கூட இறக்காமல் தொட்டியிடம் போனான்.

"பொண்டாட்டி மூஞ்சிய அப்புறமா பார்த்துக்கலாம், ஹௌதா, அப்படித்தானே?" என்றாள் அவன் அம்மா வடிவு, காபித் தம்ளரோடு.

மதன் சிரிக்கவில்லை. புதுக் கிளையின் நுனியில் வெளிர் ரோஸ் நிறத்தில் சின்னப் பூக்கள் கொத்தாக இருந்தன.

"இது நம்ம ரோஜா இல்ல."

"நான்தானே தினம் பார்க்கறேன்? வேற எங்கேருந்து வரும்?" என்றாள் தாரணி.

அவன் விரலால் மண்ணை விலக்கினான். ஒட்டுப்போட்ட முடிச்சு தெரிந்தது. தழைத்த கிளை அதற்குக் கீழே, வேருக்காக வைத்த வேறு ரக அடிச்செடியிலிருந்து கிளம்பியிருந்தது. முடிச்சுக்கு மேலே இரண்டே இலையோடு ஒரு குச்சி நின்றது. அதுதான் அவர்களுடைய ரோஜா. சத்தையெல்லாம் கீழே முளைத்த கிளை குடித்துவிட்டிருந்தது.

"வெட்டினா மறுபடி முளைக்கும். பிய்க்கணும். குச்சிய ஆடாம பிடிச்சுக்கோ, முடிச்சு கிழிஞ்சா அவ்வளவுதான்."

தாரணி மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டாள். முள் குத்தியது. விடவில்லை. அவன் கிளையைக் கீழ்நோக்கி இழுத்தான். அது வளைந்ததே தவிர வரவில்லை. மறுபடி இழுத்தான். சடாரென்று ஒரு சத்தம். வடிவு தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

கிளை அடியோடு பிய்ந்து வந்திருந்தது. முடிச்சு கிழியவில்லை.

"பொழச்சுக்கும்," என்றான் மதன், மூச்சு வாங்க. "போட்டோவ பார்த்துட்டு நான் பாட்டுக்கு சந்தோஷமா இருந்திருக்கேன் பாரு." கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான். "சரி, மேனேஜருக்கு சரின்னு சொல்லிடறேன். நீ இங்க நல்லாத்தானே இருக்கே?"

தாரணி குச்சியிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"நான் நல்லா இல்லீங்க. இனிமே போகாதீங்க. என்கூடவே இருங்க."