தெல்தெனியக் கடல்

கண்டியில் புடைவைக்கடை வைத்துச் சம்பாதித்த ஸ்ரீதரன், மலைநாட்டுத் தெல்தெனியவில் நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் சுற்றுலாக்காரருக்கென்று ஒரு பழங்காலக் கடற்கரைக் கிராமத்தைக் கட்டிவிட்டார். கட்டியது போன வருடம்தான். வாசல் பலகையில் மட்டும் 'பாதுகாக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. எங்கோ கரையோரத்தில் இடித்த வீடுகளின் ஓடுகளும் இரண்டு ஓட்டை வள்ளங்களும் லொறியில் வந்திறங்கின. உப்பே அறியாத தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வெளிச்சவீடு. கடல் வாசத்துக்குக் கருவாடு தொங்கியது. இந்தக் கூத்தில் டிலானிக்கு மீன்காரி வேஷம்.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மாட்டியே கழுத்து போனவள் அவள். செத்தாலும் இனி அந்தக் கயிறு வேண்டாம் என்றுதான் இங்கே வந்தாள். கடலை அவள் கண்டதே இல்லை. அதற்கென்ன, ஸ்ரீதரனும் வெள்ளவத்தையில் ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி.

திறப்பு விழாவன்று பிளாஸ்டிக் மீன் நிரப்பிய கூடையைக் கொடுத்தார்கள். இடுப்பில் வைத்தால் வழுக்கியது. விருந்தாளிகள் வருகிற அவசரத்தில் கை தானாகவே கயிறு தேடியது. துண்டை மடித்துத் தலையில் போட்டு, வள்ளத்தில் கிடந்த கயிற்றை மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்ட பிறகுதான் டிலானிக்குத் தான் செய்தது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்ரீதரனுக்கு வாயெல்லாம் பல். இரண்டு கையும் துடுப்புக்கு வேண்டுமென்று கடலோடிகள் கண்டுபிடித்த முறை இது என்று விருந்தாளிகளிடம் வாய் கூசாமல் அளந்தார். நாளை முதல் எல்லாப் பெண்களும் இப்படித்தான் மாட்ட வேண்டும், டிலானி பழக்கிவிட்டால் வேலை நிரந்தரம் என்றும் சொன்னார்.

அவள் விட்டுவிட்டு வந்த கயிறு பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது.

"சேர், இது கடல்காரங்க கயிறு இல்ல. நாங்க கொழுந்து எடுக்கிற கயிறு. எங்கம்மா இன்னும் ஹேவாஹெட்டயில இதத்தான் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஸ்ரீதரன் அசரவில்லை.

"பாத்தீங்களா, இவங்க ஆளுங்க அந்தக் காலத்துல தோட்ட வேலைக்குக் கப்பல்ல வந்தவங்க. கடல் பழக்கம் இன்னும் விடல," என்றார்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். டிலானி கயிற்றைக் கழற்றி, கூடையைத் தண்ணீரில் கவிழ்த்தாள். மீன் ஒன்றுகூட முழுகவில்லை. அதையும் படம் எடுத்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். நாளைக்குத் தோட்டத்து மலையில் அதே கயிற்றை மாட்டத்தான் வேண்டும். மாட்டுவாள். அந்த ஆளின் பொய்யையும் சேர்த்துச் சுமக்க அவள் கழுத்தில் இடமில்லை.