மேல் வீட்டு இருமல்

நோய் வந்த புதிதில் அந்த உதவி எண்ணுக்கு அழைத்தவர்கள் மருந்து கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டார்கள், ஒன்றும் கேட்கத் தெரியாமல் அழுதார்கள். போகப் போக அழைப்புகளின் குணம் மாறியது. பக்கத்து வீட்டுக்காரன் தும்முகிறான், எதிர் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், மூன்றாவது மாடியில் மாஸ்க் போடாமல் துணி காயப்போடுகிறார்கள். சுகாதார அலுவலகத்தில் இதற்கென்றே தனியாக ஒரு புகார்ப் பிரிவு திறக்க வேண்டியதாகிவிட்டது.

மருந்துப் பிரிவில் இருந்த அவளை அங்கே மாற்றியதற்குக் காரணம் அவளுடைய குரல். வீட்டில் அவள் கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் ஹெட்செட்டை மாட்டியதும் எங்கிருந்தோ இன்னொருத்தி வந்து உட்கார்ந்துகொள்வாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தடவிக்கொடுத்துப் பேசுவாள். அலுவலகத்தில் எல்லாரும் அவளை 'ரேடியோ' என்றுதான் அழைப்பார்கள். "கோபத்துல போன் பண்றவங்களுக்கு உன் குரல்தான் சரி" என்று சொல்லி சூப்பர்வைசர் அம்மா அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பகுதி. அவள் மேசைக்கு வந்தது அவள் குடியிருக்கும் பகுதியே.

"முன்னெல்லாம் பக்கத்து வீட்ல என்ன சமையல்னு மோப்பம் பிடிச்சாங்க. இப்ப என்ன இருமல்னு பிடிக்கறாங்க" என்பாள் அடுத்த மேசைக்காரி. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அடுத்த மணி அடிக்கும்.

சிரிப்பு வாசலோடு சரி. வீட்டுக்குத் திரும்பும்போது தெருவில் ஒவ்வொரு கதவையும் பார்த்துக்கொண்டே நடப்பாள். இந்த வீட்டுக்காரர் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டுக்காரி இந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். காலையில் இருவரும் மதில் மேல் கை வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு யாரைப் பார்த்தும் முன்போலச் சிரிக்க வரவில்லை அவளுக்கு.

வீட்டுக்குள்ளும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவர் பஸ் டிரைவர். நோய் என்று ஒன்று இருப்பதையே முழுசாக நம்பாதவர். "சும்மா பூச்சாண்டி காட்டறாங்க. நீயும் அந்தக் கூட்டத்துல சேர்ந்து போன்ல பூச்சாண்டி காட்டிட்டு வர" என்பார். அவருடைய போனில் அதற்கேற்ற வீடியோக்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு இருமல் வந்தது. "டிப்போல தூசி" என்றார். பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி அவள் ஒரு தரம் வாயெடுத்தாள். அவர் பார்த்த பார்வையில் மென்று விழுங்கிவிட்டாள். தூசிதான் என்று தானும் சொல்லிக்கொண்டாள். நாலு பேருக்குச் சொல்ல வேண்டிய வேலையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, அழைப்பு வந்தது.

"வணக்கம், சுகாதார உதவி மையம். சொல்லுங்கம்மா."

"அதாவது வந்து... ஒரு விஷயம் சொல்லணும். என் பேரு வெளிய வராதுல்ல?"

அந்த 'அதாவது வந்து' காதில் விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் மனசு ஒப்பவில்லை.

"வராதும்மா. விலாசம் சொல்லுங்க."

அவள் வீட்டு விலாசம்தான். கீழ் வீட்டில் குடியிருக்கும் தையல் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "மேல் வீட்ல அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் ராத்திரி பூரா இருமறார். அப்படியே பஸ் ஓட்டப் போறார். எத்தனை பேர் ஏறி இறங்கற வண்டி? சொன்னா கேக்கற ஆளு இல்ல. அதாவது வந்து, சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு அங்க."

ரேடியோவின் மகள் பள்ளி விட்டு வந்ததும் படியேறாமல் நின்று, முதலில் எட்டிப் பார்ப்பது தையல் அக்காவின் கதவைத்தான். மகள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தவள் இந்த அக்காதான். ஒரு வார்த்தை நேரில் சொல்லவில்லை. படியேறி வந்தால் பத்தடி.

இணைப்பைத் துண்டித்துவிடலாம். லைன் சரியில்லை என்று சொல்லிவிடலாம். அவளுடைய கை பொத்தான் மேலேயே இருந்தது. ஆனால் காலையிலிருந்து அவள் பதிவு செய்த வீடுகள் எல்லாமே யாரோ ஒருத்தியின் வீடுகள்தானே. அவர்களில் ஒருத்திக்காவது லைன் சரியில்லாமல் போனதா?

"பதிவு பண்ணிட்டேம்மா" என்றாள். குரல் ஒரு இழைகூடப் பிசகவில்லை. "உங்க பேரு யாருக்கும் தெரியாது."

"ரொம்ப நன்றிம்மா. நல்லா இருப்பீங்க."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். சூப்பர்வைசரிடம் போய், "இப்ப பதிவு பண்ணது என் வீடு" என்றாள். அவ்வளவுதான். அடுத்த மேசைக்காரியின் நாற்காலி தரையைக் கீச்சிட்டுக்கொண்டு பின்னால் போனது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கால்கள் செய்தன. சூப்பர்வைசர் நல்ல மனுஷிதான். "தைரியமா போ, ஒண்ணும் ஆகாது" என்றார். ஆனால் ரேடியோ வாசலைத் தாண்டுவதற்குள், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஸ்பிரிட் வாடை கிளம்பிவிட்டது.

சாயங்காலம் வெள்ளை உடைக்காரர்கள் வந்தார்கள். தெருவே ஜன்னலில் நின்றது. பலபேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். கணவர் முதலில் சத்தம் போட்டார், பிறகு இருமினார், பிறகு சத்தம் போட மூச்சு இல்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வந்த பரிசோதனை முடிவில் அவருக்கு நோய் உறுதியானது. தாய்க்கும் மகளுக்கும் இல்லை. அவரை ஒரு பள்ளிக்கூடத்தில் அமைத்திருந்த முகாமுக்கு அழைத்துப் போனார்கள். வேனில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னது, "எவன் போட்டுக் குடுத்தான்னு மட்டும் தெரியட்டும்."

மாடிப்படியின் குறுக்கே நாடா கட்டினார்கள். கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பொய்ப் புகாராக இருந்திருந்தால் கீழே இறங்கி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். தையல் அக்கா சொன்னது நிஜமாகப் போய்விட்டதே. இன்னும் நாலு நாள் அவர் பஸ் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவும் முடியவில்லை, யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டால், 'நிம்மதியாத் தைக்கறியா' என்று எரியும். ஓடாவிட்டால், ஏன் ஓடவில்லை என்று காது அங்கேயே கிடக்கும்.

யாரும் பேசவில்லை. பால்காரர் பாக்கெட்டைத் தூரத்திலிருந்து வீசிவிட்டுப் போனார். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், 'அவங்க வேலை பாக்கறதே அங்கதான், அங்கிருந்துதான் கொண்டுவந்திருக்கணும்' என்று ஒருவர் எழுத, நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். எதற்குக் கைகூப்பினார்களோ.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு துணிப்பை வைத்திருந்தது. உள்ளே சூடு ஆறாத சூப், ரொட்டி, உரித்து வைத்த ஆரஞ்சுச் சுளைகள். ரேடியோ அதைத் தொடவில்லை.

"பசிக்குதும்மா" என்றாள் மகள்.

"யாரு வச்சதுன்னே தெரியல. வேண்டாம்."

"யாரு வச்சதுன்னு தெரிஞ்சாதான் சாப்பிடணுமா?"

"இந்தத் தெருவுல யாரையும் நம்ப முடியாது. நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது."

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரேடியோ பையைக் குப்பைக் கூடையில் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். சொந்த வீட்டில், பட்டப்பகலில், தன் குழந்தையின் வாயிலிருந்து சாப்பாட்டைப் பிடுங்கிப் போட்டதுபோல இருந்தது. மறுநாளும் பை வந்தது. அதையும் போட்டாள்.

ஆள் பற்றாக்குறை என்று அலுவலகத்தில் அவளுக்கு வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுக்க ஏற்பாடு செய்தார்கள். வேலை இருந்தால் மனசு அலையாது என்று ஒத்துக்கொண்டாள். முதல் நாளே எதிர்க் கடைக்காரர் அழைத்தார். அவர் குரலைத் தெரிந்துகொள்ள விலாசம் தேவைப்படவில்லை. எதைச் சொன்னாலும் ஒரு செருமலோடுதான் ஆரம்பிப்பார்.

"இங்க ஒரு தையல்காரம்மா இருக்காங்க. சீல் வச்ச மேல் வீட்டுக்குத் தெனமும் பையில சாப்பாடு கொண்டுபோய் வைக்கறாங்க. நானே கண்ணால பாத்தேன். அந்தப் படியில ஏறி இறங்கினா அவங்களுக்கும் ஒட்டாதா? ஊர்த்துணி பூரா அவங்ககிட்டதான் இருக்கு."

ரேடியோவின் கண் வாசல் கதவுக்குப் போனது.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். அவங்களுக்குக் காய்ச்சல், இருமல் ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்காங்க."

"உள்ள போறாங்களா?"

"வாசல்ல வச்சிட்டு வந்திடறாங்க."

"அப்ப பதிவு பண்ண முடியாது சார். சாப்பாடு வைக்கறது தப்பில்ல."

அவர் செருமிக்கொண்டே வைத்துவிட்டார். ரேடியோ ஹெட்செட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மணி அடித்தது, எடுக்கவில்லை. புகார் கொடுத்த கையும் ரொட்டி வைத்த கையும் ஒரே கை. இரண்டில் ஒன்று பொய் என்று இருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் படியில் காலடி கேட்டது. மெல்லக் கதவைத் திறந்தாள். நாடாவுக்கு அந்தப் பக்கம் தையல் அக்கா குனிந்து பையை வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நிமிர்ந்தவள் திடுக்கிட்டு இரண்டு படி இறங்கி நின்றாள்.

"பொண்ணு சாப்பிடறாளா?" என்றாள்.

தையல் அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"அதாவது வந்து... நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குப் போன் பண்ணது நான்தான்."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"போனை எடுத்தது நான்தான்."

தையல் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ மருந்து செக்‌ஷன்லன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் கடைசியில். "அந்தப் பொண்ணு எவ்வளவு மரியாதையாப் பேசினாள்னு நெனச்சேன். நல்லா இருப்பீங்கன்னு வேற சொன்னேன்."

"சொன்னீங்க."

"நீதானா அது."

"ஏன்க்கா என்கிட்ட நேரா சொல்லல?"

"பயம். உன் பொண்ணு வந்து என் மடியில தலை வைக்கறா. வராதேன்னு சொல்ல வாய் வரல. எனக்கும் இழுப்பு நோவு இருக்கு, உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னா அடிக்க வருவார். உன்கிட்ட..." நிறுத்தினாள். "உன்கிட்ட கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

ரேடியோவுக்குச் சண்டை போடக் கிடைத்த இடம் அது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"தூசின்னு சொல்லியிருப்பேன்."

சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று போனது, தூரத்தில் தேய்ந்தது.

"எனக்குக் கோபம் போகலக்கா" என்றாள் ரேடியோ.

"போகாது. எனக்கே என் மேல போகல."

"ரெண்டு நாள் சாப்பாட்டையும் குப்பையில போட்டுட்டேன்."

தையல் அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு சூப்புல உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. தண்ணி விட்டுக் குடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றைக்குத் தாயும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு கூடித்தான் இருந்தது. "யாரு வச்சதும்மா?" என்று மகள் கேட்டாள். "தையல் அக்கா" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சாப்பிட்ட கையோடு பாயில் சாய்ந்த ரேடியோ, நோய் வந்த நாளிலிருந்து தூங்காத தூக்கம் ஒன்று தூங்கினாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் மன்னிக்கவும் இல்லை. எது தன்னைத் தூங்க வைத்தது என்று எழுந்த பிறகும் அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நினைத்ததை நினைத்தபடி ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லி எத்தனை நாளாயிற்று என்று மட்டும் தோன்றியது.

கணவர் இளைத்துத் திரும்பி வந்தார். முகாமில் பக்கத்துக் கட்டில்காரர் இறந்ததை ஒரே வரியில் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பூச்சாண்டி என்ற சொல்லையும் எடுக்கவில்லை. ஆனால் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்க் கடையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்தான். அவன் மூஞ்சியே சொல்லுது. இனி அவன் கடைல ஒரு தீப்பெட்டி வாங்கக் கூடாது."

"அவர் இல்ல."

அவர் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அப்ப யாரு?"

"சொல்ல மாட்டேன். வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் எனக்கு வேலையே."

"புருஷன்கிட்ட கூடவா?"

"யார்கிட்டயும்."

அவர் எழுந்து அறைக்கும் கூடத்துக்கும் நடந்தார். மூச்சு வாங்கியது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "யாருன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார், முன்பைவிடத் தணிந்த குரலில்.

"எனக்கு முதல் நாளே தெரியும்ங்க. தெரிஞ்சதுனால ஒரு நிமிஷம்கூட நிம்மதியா இல்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவேண்டியது இன்னும் நிறைய இருந்தது அவர் முகத்தில். நாற்காலியை ஜன்னலிலிருந்து நகர்த்தவில்லை. ஆனால் அன்றைக்கு அதற்கப்புறம் அதில் உட்காரவும் இல்லை.