பின்னால் போட்ட நாற்காலி

மனுக்காரருக்கு அன்று காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டதில் ஒரு கோளாறும் இல்லை. அவர் மனைவி தன் தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். காலரை இரண்டு முறை தேய்த்தாள். கை மடிப்பை விரலால் நீவிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள். தம்பி இன்றைக்குப் பேசப் போகிற அதே ஆபீசுக்குத்தான் இருபத்தாறு வருஷம் இவரும் மனுவோடு போய் வந்தார். ஒரு நாளாவது இவர் காலருக்கு இரண்டாவது தேய்ப்பு கிடைத்திருக்குமா?

"என் சட்டை எங்க?" என்றார்.

"கொடியில கிடக்கு பாருங்க. நீங்க பின்னாலதானே உக்காரப் போறீங்க."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் அது அப்படிச் சுருக்கென்று தைத்தது.

அவர் சரிவு ஜனங்களில் ஒருவர். ரோடு வருவதற்கு முன்னால், ஆபீஸ் கட்டுவதற்கு முன்னால், அரசாங்கம் என்ற ஒன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கும் முன்னால் அந்த மலைச்சரிவில் குடியிருந்தவர்கள் அவர்கள். காகிதத்தில் அவர்களைப் பூர்வகுடிகள் என்று மரியாதையாக எழுதுவார்கள். நேரில் கண்டால், அங்கே போய் வரிசையில் நில் என்பார்கள். அந்த வரிசையில் நின்று நின்றே இவருக்கு மனுக்காரர் என்று பட்டப்பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

சரிவு ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியாரிடம் பேசப் போனால் இரண்டு மூத்தவர்கள் போவார்கள். ஒருவர் முன் நாற்காலி, ஒருவர் பின் நாற்காலி. ஜனங்கள் கூடி முடிவு செய்த வார்த்தையை முன் நாற்காலிக்காரர் சொல்வார். சொல்லி முடித்ததும் பின்னால் இருப்பவர் எழுந்து, "கேட்டோம்" என்பார். அப்போதுதான் அது ஜனங்களின் வார்த்தை. எழவில்லை என்றால் அந்த வார்த்தையில் எங்கோ பொய் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பேசுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏன் எழவில்லை என்று யாரும் கேட்கவும் கூடாது. ஜனங்கள் மறுபடி உட்கார்ந்து, குறை எங்கே என்று தாங்களே தேடி எடுக்க வேண்டும்.

இந்த வழக்கத்தை ஆபீஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருபத்தாறு வருஷமாக மனு. ஒன்பது அதிகாரிகள் மாறினார்கள். நான்கு பேர் சிரித்தார்கள், இரண்டு பேர் மனுவைத் தொலைத்தார்கள். பத்தாவதாக வந்த அதிகாரியம்மா ஒருத்திதான் முழுசாகப் படித்தாள். படித்துவிட்டு உத்தரவே போட்டுவிட்டாள்: இனிமேல் சரிவு ஜனங்கள் விஷயத்தில், கேட்டோம் என்று சொல்லப்படாத வார்த்தை பதிவாகாது. மனுக்காரருக்கு அன்று கால் தரையில் படவில்லை.

பட்ட பிறகுதான் தெரிந்தது, முன் நாற்காலி போய்விட்டதென்று. அதிகாரியம்மாவுக்கு நன்றி சொல்ல எழுந்தவர், முதல் மனுவிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசியிருந்தார். அந்த அம்மாவின் மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது. அடுத்த வாரம் ஜனங்கள் கூடினார்கள். சரிவில் கல் குவாரி வரப்போகிறது, அதற்கு ஆட்சேபனை சொல்ல வேண்டும், ஆபீசில் பதினைந்து நிமிஷம்தான் தருவார்கள் என்றார்கள். அதனால் இந்த முறை டிரைவர் பேசட்டும் என்றார்கள்.

டிரைவர் என்றால் மனைவியின் தம்பி. இருபது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்து தனியாக இருப்பதால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு, துணிமணி எல்லாம். இத்தனை வருஷமும் மனுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து "கேட்டோம்" சொன்னவர் அவர்தான்.

"மாமா, நீங்க பின்னால இருக்கீங்கன்னாதான் எனக்குப் பேச்சே வரும்," என்று டிரைவர் வேனில் ஏறும்போது சொன்னார். மனுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதைக் கூட எவ்வளவு நன்றாகச் சொல்கிறான் பார் என்று உள்ளே புகைந்தது.

ஆபீசில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரமாக இரும்பு அலமாரிகள். குவாரிக் கம்பெனியின் வக்கீல் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். டிரைவர் எழுந்து ஆறே நிமிஷத்தில் பேசி முடித்தார். மேல்பாறை முதல் ஊற்று வரை, ஊற்றையும் சேர்த்து, எங்களுடையது. அறுபத்திரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான். அதில் வெடி வைக்க விட மாட்டோம். நடுவில், "இருபது வருஷம் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவன் நான், இதுல மட்டும் பின்னால போக மாட்டேன்," என்று ஒரு வார்த்தை விட்டார். அதிகாரியம்மா சிரித்தாள். எதிர்த்தரப்பு வக்கீலும் சிரித்துத் தொலைத்தார்.

மனுக்காரரிடம் அந்த அம்மா ஒரு நாள் கூடச் சிரித்ததில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

டிரைவர் உட்கார்ந்தார். இப்போது எழ வேண்டும். எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனுக்காரர் எழவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அதிகாரியம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. அது சுகமாக இருந்தது. வெட்கங்கெட்ட சுகம்தான், ஆனால் சுகம். டிரைவர் மட்டும் வழக்கப்படி திரும்பவில்லை. தேய்த்த காலர் வியர்வையில் நனைந்து பிடரியோடு ஒட்டுவதை மனுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரியவரே?" என்றாள் அதிகாரியம்மா.

அவள் கூப்பிட்டது தப்பாகப் போயிற்று. இப்போது எழுந்தால் மறதியில் உட்கார்ந்திருந்த கிழவன் என்று ஆகிவிடும்.

அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு ஃபைலை மூடினாள். "உங்க வழக்கப்படியே வச்சுக்கறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள சரியான வார்த்தையோட வாங்க. வரலைன்னா ஆட்சேபனை இல்லைன்னு எழுதி அனுப்ப வேண்டியதுதான்." அது செவ்வாய்க்கிழமை.

வேனில் முன் சீட்டை அவருக்குக் காலி செய்து கொடுத்தார்கள். இருபத்தாறு வருஷம் ஆபீசைக் கரைத்துக் குடித்த மனுஷன் எழவில்லை என்றால் சும்மா இருக்குமா, பெரிதாக ஏதோ கவனித்திருக்கிறார் என்ற மரியாதை அவர்கள் முகத்தில் தெரிந்தது. பாதி வழி வரை மனுக்காரர் அதையும் அனுபவித்தார். பொறாமைக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறையில் கூடினார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து டிரைவரின் பேச்சைப் பிரித்துப் போட்டுத் தேடினார்கள். வீடு அறுபத்திரண்டா, அறுபத்தொன்றா? போய் எண்ணிவிட்டு வந்தார்கள், அறுபத்திரண்டு. மேல்பாறை எல்லைக் கல் நகர்ந்திருக்கிறதா? இரண்டு பேர் ஏறிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தார்கள், நகரவில்லை. டிரைவர்தான் எல்லோரையும் விட மும்முரமாகத் தேடினார். சோறு இறங்காமல் அலைந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி அடுப்படியிலிருந்தே பேசினாள். "நான் எதுவும் கேட்கல. கேட்கக் கூடாது. ஆனா முப்பத்தெட்டு வருஷமா உங்க கூட இருக்கேன். வயிறு எரிஞ்சா எனக்கு இங்க வரைக்கும் காந்தும்."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி எழுந்தாள். சரிவில் எல்லோருக்கும் மூத்தவள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள். "ஊத்தையும் சேர்த்து எங்களுதுன்னு டிரைவர் சொன்னான். பஞ்ச காலத்துல கீழ்ப்பக்கத்து ஆளுங்களும் அதுல தண்ணி எடுத்தாங்க. நம்ம பெரியவங்க வேண்டாம்னு சொல்லல. அப்ப அது நம்மது மட்டுமில்ல. அதைத்தான் மனுக்காரர் கவனிச்சிருக்காரு. பொய்க்கு எப்படி எழுந்திரிப்பாரு?"

அறை முழுக்கத் தலைகள் ஆடின. மூன்று நாள் தேடியவர்களுக்கு அகப்பட்டுவிட்டது. டிரைவர் இரண்டு கையையும் முகத்தில் வைத்து அழுத்தினார். "தப்பு என்னுதுதான். எனக்குத் தோணாமப் போச்சு. ஊத்தை விட்டுட்டு மேல்பாறையை மட்டும் கேட்போம். பொய்யை வச்சு நிலத்தைக் காப்பாத்தறது நமக்கு வேண்டாம்."

இந்த ஜனங்களால் மட்டும்தான் இப்படி ஏமாற முடியும். ஒருத்தன் வயிற்றெரிச்சலில் வாயை மூடியிருப்பான் என்று ஒருத்தருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. அறுபத்திரண்டு வீட்டுத் தண்ணீரை மனுக்காரரின் நாணயத்துக்காகத் தாரை வார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் மனைவி இருந்தாள். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

ஏன் எழவில்லை என்று கேட்கக் கூடாது. வழக்கம் அவ்வளவுதான். எழாதவன் தானே சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை. இதுவரை யாருக்கும் அந்தத் தேவை வந்ததில்லை.

அவர் எழுந்தார். பெஞ்சில் முழங்கால் இடித்தது.

"வார்த்தையில ஒரு குறையும் இல்ல," என்றார். "தண்ணி குடுத்தவங்க நாம, எடுத்தவங்க அவங்க. குடுத்ததால ஊத்து கைமாறிடாது. டிரைவர் சொன்னது அத்தனையும் சரி." நிறுத்தினார். இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று மனம் கெஞ்சியது. "அவன் நல்லா பேசினான். அந்தம்மா சிரிச்சாங்க. எனக்குப் பொறுக்கல. அதான் எழுந்திரிக்கல."

ஒருவரும் அசையவில்லை. காறித் துப்பியிருந்தால் கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். டிரைவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். இவன் இப்போது என்ன சொல்வானோ, நாலு பேர் முன்னால் வைத்துக் கிழிக்கப் போகிறானோ என்று மனுக்காரர் காத்திருந்தார்.

"அப்ப ஊத்து நம்மதுதானா மாமா?" என்றார் டிரைவர். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் சொன்னதுல பொய் இல்லையே?"

அதைத் தவிர வேறு எதுவுமே அந்த ஆளின் காதில் விழவில்லை. மூன்று நாள் தன்னை நாறடித்த மாமாவைப் பற்றி ஒரு நினைப்பும் அவருக்கு இல்லை, ஊற்றுதான் இருந்தது. அந்த நேரத்தில் கூட மனுக்காரருக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒரு மனசு தனக்கு வாய்க்கவில்லையே என்று எரிந்தது.

"இல்லடா. ஒரு பொய்யும் இல்ல."

"அப்ப கிளம்புங்க எல்லாரும். மணி பன்னிரண்டாச்சு."

பின் நாற்காலிக்கு மருத்துவச்சியைச் சொன்னார்கள். மனுக்காரர் பெயரை யாரும் எடுக்கவில்லை. வேனில் அவருக்குக் கடைசி வரிசை கிடைத்தது. ஆபீசில் அவர் தானாகவே வராந்தாவில் நின்றுகொண்டார்.

கதவு பாதி திறந்திருந்தது. டிரைவரின் குரல் கேட்டது, அதே வார்த்தை, ஊற்றையும் சேர்த்து. முடிந்ததும், வாய் மூடும் முன்பே மருத்துவச்சியின் கனத்த குரல் எழுந்தது: "கேட்டோம்." பிறகு முத்திரை குத்தும் சத்தம். பிறகு யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

கடைநிலை ஊழியர் ஒருவர் ஃபைல் கட்டோடு வந்தார். இருபத்தாறு வருஷமாக மனுக்காரருக்குத் தண்ணீர் டம்ளர் நீட்டி, "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பியவர்.

"என்ன பெரியவரே, வெளிய நிக்கிறீங்க? நீங்க இல்லாம உள்ள யாரு பேசறது?"

"என் மச்சான்."

"உங்க அளவுக்குப் பேசுவாரா?"

மனுக்காரர் கதவைப் பார்த்தார். பொய் சொல்லலாம். இங்கே கேட்க யாரும் இல்லை.

"என்னை விட நல்லா பேசுவான்," என்றார்.

சொல்லும்போது தொண்டை எரிந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.