இரண்டாவது பை

நாகையாவின் மனைவி இந்திராவதிக்கு நெஞ்சுக்குள் கட்டி இருப்பது தெரிந்தது, பார்லிமெண்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்த அந்த வருஷத்தில்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயத்தைத் திறந்து வேலை செய்கிற டாக்டர்கள் ஃபிஜியில் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருஷத்துக்கு ஒரு தடவை சுவாவுக்கு வந்து, சில நாட்கள் தங்கி, முடிந்தவர்களுக்கு அறுவை செய்துவிட்டுப் போகும். அந்த வருஷம் குழு வரவில்லை. ரோட்டில் சிப்பாய்கள் நிற்கிற நாட்டுக்கு யார் வருவார்கள்?

ஆகவே இந்திராவதி கட்டியோடு ஒரு வருஷம் காத்திருந்தாள். குழாயடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், ஒருக்களித்தால் விடும். "கட்டி சாதுவானதுதான் என்று நினைக்கிறோம், புற்று மாதிரி இல்லை" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது உட்கார்ந்திருந்த இடம் சாதுவான இடமில்லை. இதயத்தின் அறைக்குள் ஒரு காம்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஆடி வந்து கதவை அடைத்தால் மயக்கம். துண்டு உடைந்து மூளைக்குப் போனால் அதோடு சரி.

அவளுக்காக அவள் தம்பி பல்ராம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டான். தவுவாவிலிருந்து வட்டுகோலா போகிற ரோட்டோரத்தில் இருந்தது அவர்கள் கோவில். நிலத்துக்கு லீஸ் முடிந்துபோயிருந்தது. நிலத்துக்காரர்களான ஃபிஜியர்கள் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லி, இந்த ஒரு திருவிழாவுக்கு மட்டும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். இருபது வருஷமாகப் பல்ராம்தான் கரகம் தூக்கித் தீக்குழியில் முதலில் இறங்குகிறவன். கன்னத்தில் அலகு குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் வராது. ரத்தம் வந்தால் விரதத்தில் குறை என்று அர்த்தம். அவனுக்கு வந்ததேயில்லை.

காப்புக் கட்டி மூன்று நாள் ஆனபோது சுவாவிலிருந்து போன் வந்தது. குழு இந்த வருஷம் வருகிறது, வியாழக்கிழமை அறுவை, உடனே கூட்டிவாருங்கள் என்றார்கள். நாகையா மனைவியை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு ஜூன் என்ற நர்ஸ் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். மெதடிஸ்ட் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழ் புரியும், பேச்சில் பாதி ஹிந்தியாக வரும்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு ஓ நெகட்டிவ். ஃபிஜியன்ஸ்கிட்ட இது கிடைக்காது. நம்ம ஆளுங்கள்லயே தோடா தோடா, கொஞ்சம் பேருக்குத்தான். ஒரு பை இருக்கு. ரெண்டாவது பை பக்கத்துல இல்லாம டாக்டர் கத்தி எடுக்க மாட்டார். அவங்க சைடுல யார் இருக்காங்க?"

யார் இருக்கிறார்கள்? நாகையா யோசித்துப் பார்த்தான். அவள் பெரிய அண்ணன் யோகேந்திரா எண்பத்தேழில் முதல் கலகம் நடந்தபோதே கனடா போய்விட்டார். சின்னம்மா பிள்ளைகள் போன வருஷம் ஆக்லாந்துக்குப் பறந்தார்கள். முன்பெல்லாம் அந்த வீட்டில் ஒரு குரல் கொடுத்தால் லாரி நிறைய ஆள் வரும். இப்போது மிஞ்சியிருந்தது பல்ராம் ஒருத்தன். அவர்கள் அம்மாவின் ஆபரேஷன் சமயத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வகை என்று எழுதிக் கொடுத்தது நாகையாவுக்கு நினைவிருந்தது. தன் ரத்தம் சேராது என்பதும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் குழியோரம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டியில் பல்ராம் இரண்டு தடிக் கட்டைகளை ஒரே தோளில் சுமந்து வந்தான்.

"என்னா மாமா, அதுக்குள்ள திரும்பிட்டீங்க? அக்கா தொரத்திட்டாளா?"

நாகையா சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னான். பல்ராம் கட்டைகளை இறக்கிவைத்துவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தான். மஞ்சள் தடவிய நூல், அதில் முடிந்த மஞ்சள் கிழங்கு.

"காப்போடவே வா மச்சான்" என்றான் நாகையா. "நர்ஸ் ஒண்ணும் சொல்லாது. வெள்ளிக்கிழமை காலைல திரும்பிடலாம்."

"அதெப்படி மாமா? கட்டின கையில ஊசி போட்டு ரத்தம் எடுக்க உடறதா? அவளுக்குன்னு கட்டினது. அதுவே அவளுக்கு எதிரா நின்னா?"

பூசாரி சின்னப்பனிடம் போய் நின்றார்கள். அவர் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரில்லை. இந்திராவதியின் பெயரைச் சொல்லித் தினமும் கற்பூரம் ஏற்றுகிறவர். முழுதும் கேட்டுவிட்டுக் கட்டின வேப்பிலையைக் கீழே வைத்தார்.

"கட்டத்தான் எனக்குத் தெரியும் பல்ராம். தீ மிதிச்ச அப்புறம் அவுக்கத் தெரியும். நடுவுல அவுக்கறதுக்கு எங்கப்பன் எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

"நீங்க அவுக்க வேணாம். பாக்காம இருங்க."

"கரகம் யார் தூக்குவா?"

"நீங்க தூக்குங்க. கிழவனானாலும் காலு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"இங்க இனிமே தீ கிடையாதுடா. அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றான் பல்ராம்.

விறகு மேல் கிடந்த கரும்புக் கத்தியை எடுத்து அவனே அறுத்தான். சின்னப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூல் மண்ணில் விழுந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெண் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கினாள்.

சுவா பஸ்ஸில் பல்ராம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். ராக்கிராக்கி ஊரைத் தாண்டியாயிற்று. பிறகு, "மாமா, என் ரத்தம் உங்க வூட்டுக்கு வருது. இனிமே அவளுக்கு என்னாட்டம் கோவம் வரும். தாங்குவீங்களா?" என்றான்.

"இப்ப மட்டும் கம்மியாவா வருது?" என்றான் நாகையா. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு பல்ராமின் இடது கை தானாக வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்ததை நாகையா பார்த்தான்.

புதன்கிழமை பல்ராமிடம் ஒரு பை ரத்தம் எடுத்தார்கள், வியாழக்கிழமை அறுவை நடந்தது. கட்டியைக் காம்போடு எடுத்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம் அளவு, கோழி ஈரல் மாதிரி கொழகொழவென்று இருந்ததாம். புற்று இல்லை, திரும்பி வருவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னதை ஜூன் வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தீ மிதித்தபோது பல்ராம் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிளம்புகிற அன்றைக்கு நாகையா ஜூனிடம் ஒரு வார்த்தை கேட்டான். மச்சானின் ரத்தம் முழுதும் உள்ளே போயிற்றா என்று. கேட்டிருக்க வேண்டாம்.

"ஆன்ட்டிக்கு ஒரு பையே போதுமா இருந்துச்சு, அங்கிள். முன்னாடியே ஃப்ரிட்ஜ்ல இருந்தது அது. ரெண்டாவதைத் தொடவேயில்ல. அப்புறம் கடாவு தீவுலேருந்து வந்த ஒரு சின்னப் பொண்ணுக்கு ஏத்திட்டாங்க. இது யாருக்கும் சேரும்ல?"

அது பக்கத்தில் இல்லாவிட்டால் ஆரம்பித்திருக்கவே மாட்டார்கள். அதை நாகையா தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டான். பல்ராமிடம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் நாகையாவின் கரும்பு நிலமும் லீஸ் முடிந்து கைவிட்டுப் போயிற்று. நாகையாவும் இந்திராவதியும் சுவாவுக்குப் பக்கத்தில் நசினுவில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். தவுவாக் கோவிலின் தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி. சின்னப்பன் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். பல்ராமின் மகள் ரினல் கனடாவிலிருந்து தகப்பனுக்கு எல்லாப் பேப்பரும் முடித்து அனுப்பினாள். அவன் டிக்கெட்டை இரண்டு தடவை தள்ளிப்போட்டான். அம்மனுக்குப் பாக்கி வைத்துவிட்டு விமானம் ஏற முடியாது என்றான். ஆகஸ்டில் நசினுக் கோவிலில் தீ மிதி. அங்கே மறுபடி காப்புக் கட்டினான்.

தீ மிதி அன்றைக்கு இந்திராவதி மினிபஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் எங்கேயும் உட்காராமல் ஏறி வந்தாள். ரவிக்கைக்கு மேல் வடுவின் நுனி மட்டும் தெரிந்தது. கோவிலை ஒட்டிய ஆற்றங்கரையில் மஞ்சள் வேட்டிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அந்த ஊர்ப் பூசாரி விபூதி தடவி, பல்ராமின் கன்னத்தில் அலகைச் செலுத்தினார்.

ரத்தம் வந்தது. கொஞ்சமாக இல்லை. தாடையில் இறங்கி மார்பில் சொட்டியது. பூசாரி அவசரமாக அலகை உருவிவிட்டு மேலும் விபூதி அப்பினார். அது நனைந்து சேறாகியது. பக்கத்தில் நின்றவன் அரை அடி நகர்ந்துகொண்டான்.

"புது ஆளு, கை நடுங்கிடுச்சு மச்சான்" என்றான் நாகையா.

"கை நடுங்கல, மாமா."

நாகையாவுக்கு அந்த இரண்டாவது பை விஷயம் வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் இவனுக்கு ஆறுதலா, இன்னும் ஒரு குத்தா? விழுங்கிக்கொண்டான்.

இந்திராவதி முந்தானையைச் சுருட்டித் தம்பியின் கன்னத்தில் அழுத்திப் பிடித்தாள். "எனக்காக அவுத்ததுக்குத்தான்டா" என்றாள்.

பல்ராம் அவளையே பார்த்தான். "மேடு ஏறித்தான வந்த? மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அப்ப சரி."

வரிசையை விட்டு வெளியே வந்து, வேடிக்கை பார்க்கிறவர்களோடு புல்லில் உட்கார்ந்துகொண்டான். காப்பு கையில் இருந்தது. மேளம் தொடங்கியது. மற்றவர்கள் குழியைப் பார்த்து நடந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை நாடி ஏர்போர்ட்டில் விமானம் ஏறும்போதும், வழியனுப்ப வந்த நாகையா பார்த்தான், பல்ராம் அவிழ்க்காத காப்பின் மேல் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டிருந்தான்.