எட்டாம் எண் பிள்ளை

டெலிபோன் அலறிய அலறலில் பெரிய கிளாக்கர் றோலண்டின் கையிலிருந்த தேத்தண்ணி சட்டையில் கொட்டியது. துடைக்கக்கூட நேரமில்லாமல் ஓடிப்போய் எடுத்தார். கண்டியிலிருந்து, பரிசோதனைக்கூடத்துக்காரர்கள்.

"எட்டா? எட்டு மட்டுந்தானா? மத்தது எல்லாம் சுத்தமா?"

ரிசீவரை வைத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"தொண்டை அடைப்பான். எட்டாம் நம்பர் புள்ளைக்கு. பொழுது சாயிறதுக்குள்ள ஆஸ்பத்திரியில ஊசி போட்டாகணுமாம். தங்கச்சி, உம் பெட்டியைக் கேளு. எட்டு யாரு?"

ஜோசப்பின் அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எண்பத்தேழாம் வருஷம் அந்தத் தோட்டக் காரியாலயத்துக்கு வந்திறங்கிய பெட்டி அது. டயகம முதல் அக்கரப்பத்தனை வரை அப்படி ஒன்றைப் பார்த்தவர் கிடையாது. கொழும்பில் ஒரு மாதம் படித்துவிட்டு வந்து அதை இயக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் அந்த அறையில், போன மாதம் ஒரு குழந்தை இந்த நோயில்தான் போனது. அன்றிலிருந்து அந்த டிவிசனை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்று தடை. டிஸ்பென்சர் சூசைரட்ணம் மிச்சப் பிள்ளைகளின் தொண்டையில் பஞ்சைத் தடவி, குப்பிகளில் எண்களை மட்டும் எழுதிக் கண்டிக்கு அனுப்பியிருந்தார்.

பிள்ளைகளின் பெயர்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. தொட்டில் வரிசைப்படி வரிக்கு ஒரு பெயர், எண் கிடையாது. எண் போடுவதற்கென்றே அதில் ஒரு கட்டளை உண்டு. என், எல் என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினாள். இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைத் தட்டினாள். பச்சை எழுத்துகள் மளமளவென்று இறங்கின. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எண். அவள் கண் நேராக எட்டுக்குப் போனது.

"மூக்கன் மக. நாகலெட்சுமி."

"சரியாப் பாத்தியா?"

"நான் எண்ணலைங்கய்யா. மெஷின் எண்ணிச்சு. தப்பாது."

சூசைரட்ணம் ஜீப்பில் பறந்தார். போன கையோடு மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று மெஷின் சொன்னதை அறிவித்துத் தடையையும் எடுத்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.

நடுப்பகலுக்கு மேல் வாசலில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது. ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டிய நாகலெட்சுமி, சூசைரட்ணத்தின் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ளைக்கா தொண்டை அடைப்பான்? வழி நெடுகப் பாட்டு! வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தேன், ரோசாப்பூவாட்டம் இருக்கு. எனக்குச் சந்தேகம் வந்திருச்சு. ஏம்மா, நான் குப்பியில எழுதுனது தொட்டில் நம்பரு. இவ தொட்டில் ஒம்பது. நீ எப்படி எட்டுன்னே?"

ஜோசப்பின் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். மறுபடி கட்டளையைத் தட்டினாள். இந்தமுறை மேலிருந்து வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த வரி வெறுமை. அதன் முன்னால் எண் இல்லை. அதற்கும் அடுத்த பெயருக்கு ஐந்து என்று விழுந்திருந்தது.

இறந்த பிள்ளையின் வரி அது. முப்பதாம் நாள் பூசை முடியும்வரை அந்தத் தொட்டிலைக் கழற்றக் கூடாது, வேறு பிள்ளையைப் போடக் கூடாது என்பது லயத்துச் சனங்களின் பழக்கம். தொட்டில் காலியாகத் தொங்கியது. அவளும் பெயரை மட்டும் அழித்துவிட்டு, வரியை மூட மனமில்லாமல் அப்படியே விட்டிருந்தாள். சூசைரட்ணம் காலித் தொட்டிலையும் சேர்த்து எண்ணினார். மெஷின் வெற்று வரியைத் தாண்டிக் குதித்துவிட்டது.

கட்டளையோடு ஒரு சிறு கோடும் பி, ஏ என்ற எழுத்துகளும் சேர்த்துத் தட்டினாள். எல்லா வரிக்கும் எண் போடு என்று அர்த்தம். இப்போது வெற்று வரிக்கு ஐந்து. நாகலெட்சுமிக்கு ஒன்பது. எட்டில்…

"இசபெல் மகன்."

"இசபெல் மகனா?" ஜீப் டிரைவர் செல்லசாமி வாசலில் நின்றபடியே கத்தினான். "தடை நீங்குச்சுன்னு ஐயா சொன்ன உடனே புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிருச்சே! நானுஓயா ஸ்டேஷன்ல கோச்சி புடிச்சு கொழும்புக்கு, புருசங்காரன்கிட்ட!"

றோலண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "கோச்சி வர்ற நேரம். ஏறிட்டா முடிஞ்சுது. நோயும் ஊரெல்லாம் போகும்."

"புள்ள போயிரும்யா, அதச் சொல்லுங்க!" என்றார் சூசைரட்ணம்.

ஜோசப்பின் டெலிபோனைப் பிடுங்கினாள். எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்கவில்லை. பிறகு கொடுத்தார்கள், அறுந்தது. மறுபடி சுழற்றினாள். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் குரல். தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினாள். மாத்தயா, கைப்பிள்ளையோடு ஒரு பொம்பளை, பெயர் இசபெல், ஏறவிடாதீர்கள், பிள்ளைக்குப் பொல்லாத நோய். ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு அவர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கோச்சியின் ஊதல். இரும்புச் சக்கரங்கள் தேய்ந்து நின்றன. ஆட்கள் கூச்சல். கதவுகள் அடிக்கும் சத்தம். மறுபடி ஊதல்.

கோச்சி கிளம்பிவிட்டது.

றோலண்ட் நாற்காலியில் சரிந்தார். ரிசீவர் ஜோசப்பின் காதோடு ஒட்டிப்போயிருந்தது.

அதில் கரகரவென்று ஒரு மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. அதன் மேலாக ஒரு பெண் குரல்.

"அலோ? யாருங்க?"

"இசபெல்தானா? நீ ஏறலையா? ஆண்டவரே! நான் ஜோசப்பின், ஆபிஸ்லேருந்து. அங்கயே நில்லு, வண்டி வரும். காலையில சொன்னது தப்பு. நோய் உம் புள்ளைக்குத்தான். இப்ப எப்படி இருக்கான்?"

பிள்ளையைத் தோள் மாற்றிப் போடும் சத்தம், கூடவே அந்தக் கரகரப்பு.

"விடியலேருந்தே புள்ளைக்கு மூச்சு இழுத்துக்கிட்டுத்தான்க்கா இருக்கு; மெஷினே ஒண்ணுமில்லன்னு சொன்னப்புறம் எனக்கு என்னா தெரியும்னு கெளம்பிட்டேன்."